விதை போட்ட கை

மடியில் வைத்திருந்த துணி மூட்டையிலிருந்து ஈரம் கசிந்து புடவை நனைந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டாள். மீன் என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும் என்று அம்சவேணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மல்லாட்டைச் செடி என்று சொன்னால், டவுன்காரியாக இருந்தால் வேர்க்கடலையா என்று திருத்திக் கேட்பாள், அப்புறம் வாடிப்போன செடியை எதற்கு மடியில் வைத்துக்கொண்டு போகிறாய் என்பாள், அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று அம்சவேணிக்கே தெரியாது. முளைக்கவில்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் முளைத்தவையும் இருக்கின்றனவே, அவைதான் மூட்டைக்குள் கிடக்கின்றன, விரல் உயரத்துக்கு வந்து அதற்குமேல் வர மனமில்லாமல் நின்றுவிட்டவை, மஞ்சள் பாரித்த இலை, நரம்பு மட்டும் தெரிகிற இலை, பிடுங்கினால் ஒரே வேர், பக்கத்தில் ஒரு சல்லிவேர்கூட இல்லாமல் மழித்து விட்டது போல. வேளாண் ஆபீசர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, எனக்கு ஒன்று தோணுது, ஆனா நான் சொல்றதைவிட ஆராய்ச்சிப் பண்ணையில காட்டிடுங்க, வேரோட பிடுங்கி ஈரத்துணியில சுத்தி, மிச்ச விதையும் கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க என்றார். யார் போவது என்ற பேச்சு வந்தபோது புருஷன் பரசுராமன் கிணற்று மோட்டாரைக் காட்டி, இதை விட்டுட்டு நான் எப்படிப் போறது, நீ போய்ட்டு வாயேன், விதைக்காய் எடுத்து வச்சவ நீதானே, அவங்க ஏதாவது கேட்டா உனக்குத்தானே தெரியும் என்றான். அவ்வளவுதான் சொன்னான். முகத்தில் கோபம் இல்லை, குரலும் உயரவில்லை, பல்லில் குச்சியைக் கடித்துக்கொண்டு சொன்னான். ஆனால் அந்த ‘நீதானே’ பஸ் ஏறியதிலிருந்து காதில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. நீதானே எடுத்து வச்ச, அதனால உனக்குத்தான் நல்லா தெரியும் என்பது ஒன்று. நீதானே எடுத்து வச்ச, அப்போ நீயே போய்ப் பதில் சொல்லு என்பது ஒன்று. இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான். கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் ஆகியும் அவன் எதைச் சொன்னான் என்று கண்டுபிடிக்க முடியவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது, அவன்மேல் இல்லை, பொதுவாக.

பஸ் கூட்ரோட்டில் நின்று ஆளேற்றியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கொல்லையில் மல்லாட்டை பச்சைப் பாயாக விரிந்து கிடந்தது. அவளுடைய கொல்லைக்கு முந்தியும் இல்லை பிந்தியும் இல்லை, அதே பட்டத்தில் போட்டதாகத்தான் இருக்க வேண்டும், சால் சாலாக இடைவெளி இல்லாமல் இலை மூடியிருந்தது. அவள் கண்ணை எடுத்துக்கொண்டாள். அவள் கொல்லையில் ஏர்ச்சால் எங்கே ஓடுகிறது என்றே தெரியாது, இங்கே ஒன்று, நாலு அடி தள்ளி ஒன்று, நடுவில் வெறும் மண். மண்ணை விரலால் கிளறிப் பார்த்தபோது விதை அழுகிப் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது, மேலே பச்சையும் மஞ்சளுமாகப் பொடி. அப்போதுதான் காசியம்மா அதைச் சொன்னாள். காசியம்மா பரசுராமனின் அக்கா, புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டவள். அவள் அம்சவேணியைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டே, தழையிடம் சொல்வது போல, “விதையத் தொடுற கை சுத்தமா இருக்கணும், அது ஒண்ணும் கதை இல்ல” என்றாள். பரசுராமன் அங்கேதான் நின்றான். காதில் விழாத மாதிரி மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டான். அன்றிலிருந்து இந்தக் கை அவளுக்குப் பாரமாகிவிட்டது. சோறு பிசையும்போது, பாப்பாவுக்குத் தலை வாரும்போது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, கையைப் பார்க்கிறாள். ஏனென்றால் காசியம்மா சொன்னது பொய் இல்லை. அது காசியம்மாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனாலும் பொய் இல்லை. விதை போட்ட அன்று காலையில் ஏர் மாடு வந்துவிட்டது, கூலிக்கு வந்த பெண்கள் இடுப்பில் விதைக் கூடையோடு நின்றுகொண்டிருந்தார்கள், அவள்தான் முதல் சால் போட வேண்டும் என்று கற்பூரம் ஏற்றி எல்லாம் ஆகிவிட்டது. ஏர் பின்னால் நடந்து, ஒன்று ஒன்றாக விதையைப் போட்டுக்கொண்டே போகும்போது பாதிச் சாலில் அடிவயிறு சுண்டி இழுத்தது. மாதத் தூரம் என்று தெரிந்துவிட்டது. நின்றிருக்கலாம். கூடையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஏர்க்காரன் திரும்பிப் பார்ப்பான், இன்னா ஆச்சி என்று கேட்பான், எல்லோர் முகமும் திரும்பும், அப்புறம் பாதி போட்ட சால் என்ன ஆவது, போட்ட விதையைப் பொறுக்குவதா, மாட்டை அவிழ்த்துவிடுவதா. அவள் நடந்துகொண்டே இருந்தாள். மதியம்வரை போட்டாள். சாயங்காலம் கிணற்றில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தபோது காசியம்மா ஈரத் தலையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இத்தனை கஷ்டம் இல்லை.

இந்தக் காலத்தில் இதையெல்லாம் நம்புவார்களா என்று கேட்டால் அம்சவேணி நம்புவதில்லை என்றுதான் சொல்வாள். பன்னிரண்டாவது வரை படித்தவள், பாப்பா நாளைக்குப் பெரிய மனுஷியானால் ஓலை கட்டி உட்கார வைக்க மாட்டேன் என்று புருஷனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். நம்பாதது பேச்சில். குனிந்து மண்ணைக் கிளறி அழுகின விதை விரலில் ஒட்டும்போது, நம்பாதது எங்கேயோ போய்விடுகிறது. உடம்புக்குள்ளிருந்து ஏதோ ஒன்று கையில் இறங்கி, கையிலிருந்து விதைக்குப் போயிருக்குமோ. அந்த ஆராய்ச்சிப் பண்ணையில் கேட்பார்களோ. விதைச்சது யார், அன்னைக்கு எப்படி இருந்தீங்க என்று கேட்டால், ஆம்பளை ஆபீசராக இருந்தால் என்ன சொல்வது, இல்லை என்று சொல்லிவிடலாம், ஆனால் பொய் சொல்லிவிட்டால் அவர்கள் சரியான காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள், டாக்டரிடம் பொய் சொல்வது மாதிரிதானே. கண்டக்டர் பண்ணை இறங்குறவங்க என்று கத்தியது அவளுக்குத்தான் என்று உறைக்கச் சற்று நேரமானது.

பண்ணையில் ஒரு நீளமான தாழ்வாரம், சுவரோரம் பெஞ்சு. மேடம் வருவாங்க, உக்காருங்க என்று சொல்லிவிட்டு ஒருவர் உள்ளே போய்விட்டார். அம்சவேணி மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு, கதவில் எழுதியிருந்ததைப் படித்தாள், முனைவர் ஜெசிந்தா, பயிர் நோயியல். பொம்பளை ஆபீசர் என்றதும் ஒரு மூச்சு இறங்கியது, உடனே வேறொரு பயம் ஏறியது. தாழ்வாரத்தில் மருந்து நெடியோடு கலந்து இன்னொரு வாடை, எங்கிருந்தென்று தெரியாமல், புளித்த, மக்கின, ஈரச்சாக்கு வாடை. இந்த வாடையை அவளுக்குத் தெரியும். ஐப்பசியிலிருந்தே தெரியும். காய் ஆய்ந்து களத்தில் அம்பாரமாகக் குவித்து வைத்திருந்தார்கள், ஒரு வெயில் காய்ந்தால் மூட்டை கட்டிவிடலாம் என்று இருந்தபோது பிடித்துக்கொண்டது மழை, விடாத மழை, வானம் கிழிந்துவிட்டது போல. பரசுராமன் ஓடினான். மாட்டுக்கொட்டகைமேல் போட்டிருந்த தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினான், அது போதாது என்று வீட்டு முன்பக்கம் கட்டியிருந்ததையும் அவிழ்த்துக்கொண்டு போய் அம்பாரத்தை மூடி, சுற்றிலும் கல் வைத்து, ஒரு சொட்டு உள்ளே போகாமல் இறுக்கிக் கட்டி, அதன் பக்கத்திலேயே கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சோறு கொண்டு போனால் நனைந்துகொண்டே தின்றான். வீட்டுக்கு வந்து படுங்களேன் என்றால், காத்துல பிச்சிக்கிச்சின்னா என்ன பண்றது என்பான். மாடு நனைந்தது, வீட்டு முன்பக்கம் நனைந்தது, அவன் நனைந்தான், காய் மட்டும் நனையக்கூடாது. மழை விட்டபோது அவனுக்கு ஜுரம். அவள்தான் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி அம்பாரத்துக்குள் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே சூடாக இருந்தது. ஜுரக் குழந்தையின் அக்குள் போல வெதுவெதுவென்று, வேர்த்து, கையெல்லாம் பிசுபிசுப்பு. அப்போது அந்த வாடை வந்தது. வெயிலில் கொட்டிக் காய வைத்தார்கள். காய்ந்ததும் வாடை போய்விட்டது, குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்டது, மேலே பார்க்க நல்ல காய்தான். அதில் திரட்சியானதாகப் பார்த்துத்தான் அவள் விதைக்கென்று தனி மூட்டை கட்டினாள்.

மார்கழியில் கொட்டை உடைக்கும்போது பார்த்தாள். காயின் மூக்கைத் தரையில் குத்தி உடைத்தால் சிலதில் உள்பருப்பான பயிறு சுருங்கியிருந்தது, சிலதில் மஞ்சள் கலந்த பச்சைப் பொடி படிந்து, உடைத்ததும் புகை மாதிரி எழும்பியது. தூசு என்று ஊதினாள். ரொம்ப மோசமானதை ஒதுக்கிவிட்டு, லேசாகப் படிந்திருந்ததை முந்தானையால் துடைத்தாள். துடைத்ததும் பளபளவென்று ரோஸ் நிறம் வந்துவிட்டது. துடைத்ததை விதையோடு போட்டாள். ஒதுக்கியதை என்ன செய்தாள்? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு மாடு மிரள்வது போல நின்றது. எல்லாவற்றையும் எறியவில்லை. அழுகினதை எறிந்தாள். சுருங்கினதையும் உடைந்ததையும் ஒரு டப்பாவில் போட்டு அடுப்படியில் வைத்தாள். சட்னி அரைத்தாள். வறுத்தாள். பாப்பா ஒருநாள் வறுத்த கொட்டையை வாயில் போட்டுவிட்டு முகத்தைக் கோணிக்கொண்டு துப்பினாள், கசக்குதும்மா என்றாள். ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும், வேற தின்னு என்று இவள்தான் எடுத்துக் கொடுத்தாள். வேறு தின்றாள். விதையை வேர் விட விடாமல் செய்த ஏதோ ஒன்று அந்தப் பயிற்றில் இருந்தது என்றால், அதே அம்பாரம், அதே பயிறு. பாப்பா வயசுக்கு ஏத்த உயரம் இல்ல என்று அங்கன்வாடி டீச்சர் சொன்னது எப்போது, அது மழைக்கு முந்தியே, ஆமாம் மழைக்கு முந்தி, ஆடியிலேயே சொன்னாள், அப்போது இந்தக் காய் மண்ணுக்குள் இருந்தது, அதனால் இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இல்லை. ஆனால் போன வருஷத்துக் காய்? போன வருஷமும் மழைதானே. மூட்டைக்குள் மஞ்சள் பூத்து நிற்கிற செடிகளை அவளுக்கு இப்போது அவிழ்த்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வீட்டில் டப்பாவில் இன்னும் பாதிக்குமேல் இருக்கிறது. பாப்பா அழுதால் காசியம்மா டப்பாவைத்தான் எடுப்பாள்.

“அம்மா, நீங்கதானா மல்லாட்டை கொண்டு வந்தது? உள்ள வாங்க.”

ஜெசிந்தா மேடம் வேர்க்கடலை என்று சொல்லாமல் மல்லாட்டை என்றதே அம்சவேணிக்குப் பாதி தெம்பு தந்தது. நாற்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டு, வெள்ளைக் கோட்டின்மேல் மண் ஒட்டியிருந்தது. மூட்டையை மேஜைமேல் அவிழ்த்து, ஒரு செடியை எடுத்துக் குழாயில் வேரை அலசி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அப்புறம் இன்னொன்று. பிறகு மிச்ச விதையை உள்ளங்கையில் கொட்டி, ஒன்றை நகத்தால் பிளந்து மோந்து பார்த்தாள். அம்சவேணி கேட்கப்போகிற கேள்விக்காகக் கையைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

“அறுவடை அப்போ காய் நனைஞ்சுதாம்மா?”

“நனையல மேடம். அவரு தார்ப்பாய் போட்டு மூடிட்டாரு. ஒரு சொட்டு உள்ள போவல.”

“காயவெச்சு மூடினீங்களா, ஈரத்தோட மூடினீங்களா?”

“காய வைக்க எங்க மேடம் நேரம். ஆய்ஞ்ச உடனே புடிச்சிக்கிச்சி. மழை விடுறவரைக்கும் மூடியேதான் இருந்திச்சி.”

“உள்ள கையை விட்டா சூடா இருந்திருக்குமே.”

அம்சவேணி தலையை ஆட்டினாள். கூடவே இருந்து பார்த்தது போலச் சொல்கிறாளே.

மேடம் அவளை ஜன்னலோரம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஈரக் காகிதத்தைப் பாய் மாதிரி சுருட்டி நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒன்றைப் பிரித்தாள். உள்ளே வரிசையாகப் பயிறு முளைத்திருந்தது, வெள்ளை வேர் வாழைத்தண்டு நாராக நீண்டு, பக்கத்தில் எல்லாம் சல்லிவேர். “இது சும்மா தண்ணியில வெச்சது” என்றாள். இன்னொன்றைப் பிரித்தாள். “இது உங்க விதையில இருக்கிற அதே வகைப் பூஞ்சணத்தை முன்னாடியே இங்க வளர்த்து, வடிகட்டி, அந்தத் தண்ணியில ஊறவெச்சது. பூஞ்சணம் இதுல இல்ல. அது விட்டுட்டுப் போன நஞ்சு மட்டும்தான் இருக்கு.” பாதிப் பயிறு ஊறிப்போய் அப்படியே கிடந்தது. மீதியில் வேர் எட்டிப் பார்த்து, நுனி பழுப்பாகி, நின்றுவிட்டது. ஒன்றிரண்டு இலை விட்டிருந்தன, வெளுத்து. அம்சவேணி குனிந்து பார்த்தாள். அவள் கொல்லைதான். அவளுடைய கொல்லையை யாரோ ஒரு காகிதத்தில் சுருட்டி வைத்திருக்கிறார்கள்.

“பயிறுன்றது முளைக்காகக் கட்டி வெச்சிருக்கிற சோறும்மா. முளை வரும்போது அந்தச் சோத்தைக் கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டணும். இந்த நஞ்சு அந்தக் கரைக்கிற வேலையைக் கெடுத்துடும். சோறு பக்கத்துலயே இருக்கும், குழந்தை பட்டினி கிடக்கும். தப்பிச்சு மேல வந்தாலும் வேர் பிரியாது, இலையில பச்சை ஏறாது. இது அப்படித்தான் வந்திருக்கு.”

“நான் தொடச்சிட்டுத்தான் மேடம் போட்டேன். மேல இருந்த பொடிய எல்லாம் தொடச்சிட்டேன்.”

“மேல இருந்ததைத்தான் தொடைக்க முடியும். நஞ்சு உள்ள இறங்கிடும்.”

“வறுத்தா போயிடுமா?”

மேடம் அவள் முகத்தைப் பார்த்தாள். காகிதத்தைச் சுருட்டுவதை நிறுத்தினாள். “யார் சாப்பிட்டது?”

அம்சவேணி சொன்னாள். சட்னி, வறுத்தது, கசக்குதும்மா என்றது, அங்கன்வாடி டீச்சர் சொன்னது, எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள். வறுத்தாலும் போகாது என்பதை மறைக்காமல் சொன்னாள். ஒருநாள் ரெண்டு நாள் தின்றதால் உடனே எதுவும் ஆகிவிடாது, நாள்பட நாள்பட விடாமல் தின்றால்தான் உடம்புக்குக் கெடுதல், ஈரலுக்குக் கெடுதல், குழந்தை வளர்த்திக்கும் நல்லதில்லை என்றாள். “உயரம் கம்மியா இருக்கிறதுக்கு நூறு காரணம் இருக்கும்மா. இதுதான்னு நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்லிக்காதீங்க. ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டுங்க, இதையும் சொல்லிக் காட்டுங்க. வீட்டுல இருக்கிறதை மாட்டுக்கும் வைக்காதீங்க, ஆட்டுக்கும் வைக்காதீங்க. புதைச்சிடுங்க.” பிறகு, தை முடிவதற்குள் மறுபடி விதைக்கலாம், விதை இங்கேயே கிடைக்கும், விதைக்கும் முன் கலக்க ஒரு பொடி தருகிறேன் என்றாள். அம்சவேணி எல்லாவற்றுக்கும் சரி மேடம் சரி மேடம் என்றாள். கதவுவரை போனவள் நின்றாள். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. திரும்பி வந்து மேஜையோரமாக நின்று, குரலே வெளியே வராமல் கேட்டாள்.

“விதை போட்ட அன்னிக்கு நான் தூரமா இருந்தேன் மேடம். அதனால ஏதாவது...”

ஜெசிந்தா மேடம் சிரிப்பாள் என்று பயந்தாள். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஈரக் காகிதத்தைச் சுருட்டி ஜன்னலோரம் நிறுத்தினாள்.

“இந்த ரூம்ல மாசம் முழுக்க நான்தான் விதை வைக்கிறேன். எல்லா நாளும் வைக்கிறேன். எந்த நாள்னு விதைக்குத் தெரியாதும்மா.”

வெளியே வந்து ரோட்டோரப் புளிய மரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அம்சவேணி தன் கையை விரித்துப் பார்த்தாள். கை காரணம் இல்லை. கை இல்லவே இல்லை. அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், ருசி பார்ப்பது போல. கை இல்லை என்றால் எது? ஈரத்தோடு மூடியது. மூடியது யார்?  நீதானே, நீதானே என்று காலையிலிருந்து காதில் உட்கார்ந்திருந்ததை இப்போது எடுத்து அவன் காதில் வைக்கலாம். நீங்கதானே மூடினீங்க. காசியம்மா எதிரிலேயே சொல்லலாம். அன்றைக்கு மண்வெட்டி கழுவப் போனானே, இன்றைக்கு எதைக் கழுவப் போவான். ஒரு வாய் திறந்து, சும்மா இரு அக்கா என்று சொல்லியிருந்தால் போதும், அவள் வேறெதுவும் கேட்டிருக்க மாட்டாள். சொல்லவில்லையே. சொல்லாதவனுக்கு எதற்கு இரக்கம். இப்படி நினைத்துக்கொண்டே போகும்போது கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு அம்பாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கண்ணில் வந்தான், மழைத்தண்ணீர் சோற்றில் விழ விழத் தின்றவன். அவன் அங்கே உட்கார்ந்து அதைக் கெடுத்துக்கொண்டிருந்தான். காப்பாற்றுகிறேன் என்று கெடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது, உள்ளே கையை விட்டுச் சூட்டைப் பார்த்தவள் அவள்தான், அவளுக்கே தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும், அடுத்த மழையில் மறுபடியும் இறுக்கி மூடிவிடுவான், சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் ரெண்டு பேரும் மட்டும் இருக்கும்போது சொல்லலாம். மண்வெட்டி கழுவப் போனதையும் அப்போதே கேட்டுவிடலாம். கேட்காமல் விடப்போவதில்லை. டப்பா ஞாபகம் வந்ததும் மற்றதெல்லாம் அற்றுப்போய் அவசரமாகப் போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது காசியம்மா.

“அவன் கிணத்தாண்ட இருக்கான். இன்னா சொன்னாங்க?”

“அண்ணி, பாப்பா இன்னா பண்றா?”

“தின்னுகினு கீது.”

“இன்னா தின்றா?” அவள் குரல் உடைந்தது, ரோட்டில் சைக்கிளில் போனவன் திரும்பிப் பார்த்தான். “அண்ணி, இன்னா தின்றா?”

“முறுக்குதான், எதுக்குடி கத்துற? அந்த மல்லாட்டை வறுத்துத் தரேன்னேன், கசப்பு வேணாம்னுட்டா.”

அம்சவேணி மரத்தில் சாய்ந்துகொண்டாள். மூச்சு வந்ததும் டப்பாவைத் தொடாதீங்க, மாட்டுக்கும் வைக்காதீங்க, நான் வந்து புதைக்கிறேன் என்று சொன்னாள். பூஞ்சணம் என்று சொன்னாள், அது விடுகிற நஞ்சு என்று சொன்னாள், காகிதத்தில் சுருட்டி வைத்திருந்த முளைகளைச் சொன்னாள். காசியம்மா குறுக்கே கேட்டாள்.

“எதனால வந்திச்சாம்?”

“மழையில வந்தது அண்ணி. ஈரத்துல வந்தது.” பிறகு, நிறுத்தினால் அப்புறம் வராது என்று தெரிந்து, மூச்சு விடாமல் சொன்னாள். “விதை போட்ட அன்னிக்கு நான் தூரமாத்தான் இருந்தேன். பாதி சால்ல வந்திடிச்சி. ஏர் நிக்கக்கூடாதுன்னு போட்டேன். மேடத்தாண்ட கேட்டேன். அதுக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்லயாம். கையால ஒண்ணும் ஆவாதாம். யார் கையாலயும்.”

அந்தப் பக்கம் கோழி கேறுவது கேட்டது, பாப்பா ஏதோ பாட்டு முனகுவது கேட்டது. யார் கையாலும் என்று சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கே போய் விழுந்தது என்று அம்சவேணிக்கே தெரிந்தது. புருஷன் போனதிலிருந்து காசியம்மா விதைக் கூடையைத் தொட்டதில்லை. யாரும் தொடாதே என்று சொன்னதில்லை, சொல்ல வேண்டியிருந்ததும் இல்லை. முதல் சால் போடும்போது அவளாகவே கொல்லை மூலைக்கு, கண்ணில் படாத பக்கமாகப் போய் நின்றுகொள்வாள், களை எடுக்கும்போதுதான் உள்ளே இறங்குவாள். தழையிடம் பேசினவள் இத்தனை வருஷமாகத் தன் கையைப் பற்றி யாரிடம் பேசியிருப்பாள்.

“அண்ணி, இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“புது விதை வாங்கிட்டு வரேன். திரும்பப் போடும்போது நீங்களும் ஒரு சால் போடுங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

“ஊர்ல இன்னா சொல்லுவாங்க.”

“மேடம் சொன்னாங்கன்னு சொல்லிக்கலாம்.”

காசியம்மா தொண்டையைச் செருமினாள். “எனக்கு குனிஞ்சா இடுப்பு புடிச்சிக்கும்டி” என்றாள். கொஞ்சம் கழித்து, “மெதுவாதான் போட முடியும்” என்றாள். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்து அம்சவேணி கையை நீட்டினாள். “பஸ்ஸு சத்தம் கேக்குது, வுட்டுறப் போற, போன வை” என்றாள் காசியம்மா. வை என்று சொல்லிவிட்டு அவள் வைக்கவில்லை.